மாலை நான்கு மணிக்கு அளந்த கால்கள்

காலைப் பணிக்கு வந்ததும் பெரிய சிஸ்டர் செய்கிற முதல் வேலை, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை மாட்டுவது. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அதற்கு அரை நிமிடம் கூட ஆனதில்லை. இப்போது நாலைந்து நிமிடம் ஆகிறது. முதலில் விரல்களை நெருக்கி உள்ளே திணிக்க வேண்டும். பிறகு குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்ட வேண்டும். அப்புறம் எழுந்து நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, மிச்சக் காலையும் உள்ளே தள்ள வேண்டும். இத்தனை பாடு பட்டு மாட்டினால் ஷூ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கறுப்பு நிறம், நல்ல பளபளப்பு, கூரான முன்பக்கம், ஒன்றரை அங்குலக் குதிகால். நட்சத்திர ஹோட்டலின் வாசலில் நின்று வரவேற்கிற பெண்கள் போடுகிற மாதிரி.

மூன்றாம் மாடியில் அவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருட அனுபவம். அந்த மாடியில் வேலை பார்க்கும் இருபத்தேழு செவிலியர்களுக்கும் தலைமை. புதன்கிழமை பிற்பகலில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கிற பிரிவும் அவர் பொறுப்புதான். "செருப்பை மாட்டுறதுக்கு முன்னாடி தலைகீழா ஒரு தட்டு தட்டுங்க. உள்ளே கையை விட்டுப் பாருங்க. புதுச் செருப்பு சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பதான் கால் வீங்கியிருக்கும். தினமும் ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாருங்க." இதை ஒரு புதன்கிழமையில் முப்பது பேரிடம் சொல்வார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார். தன் காலுக்கு மட்டும் அவர் அதைச் சொன்னதே இல்லை.

புது ஷூ போட்ட முதல் மூன்று வாரம் உயிர் போனது. நான்காவது வாரத்திலிருந்து வலி குறைந்தது. இப்போது ஒன்றுமே தெரிவதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "பழகிடுச்சு" என்று சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்த ஷூ வந்ததற்கு ஒரு புகைப்படம் காரணம். பெரிய சிஸ்டரின் பழைய ஷூ வெள்ளை. அதாவது வாங்கியபோது வெள்ளை. முன்பக்கம் அகலமாக, அடிப்பக்கம் ரப்பராக, பார்க்க ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும். புண் துடைக்கிற மருந்து சிந்திச் சிந்தி வலது ஷூவின் மேல் ஒரு பழுப்புக் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஓரத்தில் தையலும் விட்டிருந்தது. ஒரு நோயாளியின் மகன் அதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து, மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் போட்டு, "பேர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரி, நர்ஸ் காலைப் பாருங்க" என்று எழுதிவிட்டான். படத்தில் முகம் இல்லை. இரண்டு கால்கள் மட்டும்தான். ஆனால் அந்தக் கறையைப் பார்த்ததும் அது யார் கால் என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று அந்த மகனுடைய அப்பாவை இரண்டு முறை துடைத்துவிட்டு, மூன்று முறை புரட்டிப் படுக்க வைத்ததும் அந்தக் கால்களில் நின்றுதான். அது படத்தில் விழவில்லை.

யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மானத்தோடு இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த மனுஷிக்கு அதுவே அதிகம்.

அதனால் நிர்வாக மேலாளர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷூ என்று முடிவெடுத்து, தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரிய சிஸ்டரையும் போட்டபோது அவர் மறுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேலாளரின் அறையில் கூட்டம். மேலாளரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். கோபக்காரி இல்லை, ஆனால் எதையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பார் என்றே யோசிப்பவர். மேசை மேல் மூன்று மாதிரிகள். ஒன்று அகலமாக, நாடா வைத்தது. ஒன்று முன்பக்கம் திறந்தது. மூன்றாவது இந்தப் பளபளப்பு.

"முன்னாடி திறந்திருந்தா ஊசி விழும், வேண்டாம்" என்றார் பெரிய சிஸ்டர். அதுவரை சரியாகத்தான் பேசினார்.

"இந்த அகலமானது கௌரவமா இருக்குமா சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க" என்று மேடம் கேட்டார்.

நீங்களே சொல்லுங்க என்ற இடத்தில் பெரிய சிஸ்டருக்குப் புகைப்படம் ஞாபகம் வந்தது. மூன்றாவதை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாட்டிப் பார்த்தார். காலையில் வீங்காத கால், நெருக்கித் திணித்ததும் உள்ளே போனது. எழுந்து கம்பளத்தின் மேல் ஐந்தடி நடந்தார். "இதுவே இருக்கட்டும் மேடம்" என்றார். குனிந்து பழைய ஷூவை எடுக்கும்போது மேசைக்குக் கீழே மேடத்தின் கால்கள் தெரிந்தன. அவர் தன்னுடைய கூர்மூக்கு ஷூவைக் கழற்றிவிட்டு, வெறும் காலைக் கம்பளத்தில் வைத்து விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பணிப்பெண் ஒருத்தி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வானொலி என்று பெயர். வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "சிஸ்டரம்மா, இது உக்காந்து வேலை பார்க்கிறவங்க போடுற செருப்பு. நாம எப்ப உக்காருறோம்?"

"பழகிடும்க்கா" என்றார் பெரிய சிஸ்டர். அந்த வார்த்தையை அவர் சொன்ன முதல் தடவை அதுதான். அப்புறம் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வார்த்தையை அதிகம் கேட்டது புது சிஸ்டர். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். ஆனாலும் புது சிஸ்டர் என்ற பெயர் போகவில்லை. இரண்டாவது வாரம் அவள் பெரிய சிஸ்டரின் மேசைக்கு வந்து, "சுண்டு விரல் பக்கம் கொப்புளம் வந்து உடைஞ்சிருக்கு சிஸ்டர். ரெண்டு நாளைக்கு என் பழைய ஷூவைப் போட்டுக்கவா?" என்று கேட்டாள்.

"உனக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. பிளாஸ்டர் ஒட்டிக்கோ. பழகிடும்."

"ரொம்ப வலிக்குது சிஸ்டர்."

"எனக்கு வலிக்கலையா?"

புது சிஸ்டர் திரும்பிப் போனாள். பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்து மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்கினார். இதற்கு முன் இப்படி ஒருத்தி வந்து நின்றிருந்தால் உட்கார வைத்துக் காலைப் பார்த்திருப்பார். இப்போது தோன்றவில்லை. அவருக்கு அந்த நாட்களில் எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போவார். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், பிள்ளைகள் வண்டியில் அடித்த கூத்தை எல்லாம் சொல்வார். இவர் "ம்" என்பார். "தண்ணி நிறைய குடிக்கிறியே, என்ன ஆச்சு?" என்று ஒரு நாள் கணவர் கேட்டார். அதற்கும் "ம்" தான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். சோர்வு என்று பெரிய சிஸ்டர் நினைத்துக்கொண்டார். வயது என்றும் நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துப் புது சிஸ்டர் தானாகவே வந்து, "நீங்க சொன்ன மாதிரியே இப்ப வலிக்கலை சிஸ்டர்" என்றாள். பெரிய சிஸ்டர் தலை நிமிராமல், "நான் சொல்லலை?" என்றார்.

அந்தப் புதன்கிழமையும் மற்றப் புதன்கிழமை மாதிரிதான் இருந்தது. பதினொன்றரைக்கு மருந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதினார். எழுதும்போது மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றிவிட்டு நிற்பது இப்போது அந்த மாடியில் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. வெளியாள் தலை தெரிந்தால் அவசரமாகக் காலைத் திணிப்பார்கள். மேசை மேல் ஒருத்தி ஊசி மருந்துக் குப்பிகளின் கழுத்தை ஒவ்வொன்றாக உடைத்து மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் எழுதி முடித்து, காலைத் திணித்து, குதிகாலை இரண்டு தட்டு தட்டிவிட்டு நடந்தார். ஷூவைத் தலைகீழாகத் தட்டவில்லை. கையை விட்டுப் பார்க்கவும் இல்லை.

இரண்டு மணிக்குப் பாதப் பிரிவில் ஒரு தையற்காரர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறதாம். இதற்கு முன் ஒரு தடவை வந்திருக்கிறார், அன்று பெரிய சிஸ்டரின் பாடத்தைக் கேட்டுவிட்டு, சோதனைக்குக் காத்திருக்காமல் நழுவிவிட்டார். கால்மிதித் தையல் இயந்திரத்தில் வேலை. கால் போனால் பிழைப்பும் போகும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது. பயத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

பெரிய சிஸ்டர் நைலான் இழையை எடுத்தார். ஒரு பேனா மாதிரிப் பிடியின் முனையில், மீன்பிடி நூல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன இழை. அதை உள்ளங்காலில் பத்து இடத்தில் வளையும் அளவுக்கு அழுத்த வேண்டும். கண்ணை மூடியிருக்கிற நோயாளி, தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில் உணர்ச்சி இல்லை என்று அர்த்தம்.

"கண்ணை மூடிக்கங்க. நான் தொட்டா 'தொட்டீங்க'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"குத்துமா சிஸ்டர்?"

"குத்தாது. கையைக் காட்டுங்க, தொட்டுக் காட்டுறேன்."

"கை வேற, கால் வேற. துணியில தெரியுறது லைனிங்ல தெரியாது. உங்க கால்ல முதல்ல தொட்டுக் காட்டுங்க. பார்த்துட்டு என் காலைத் தர்றேன்."

பெரிய சிஸ்டருக்கு வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். வாதாடுவதைவிட ஒரு ஷூவைக் கழற்றுவது சீக்கிரம் முடிகிற வேலை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வலது ஷூவை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததும் வந்தது.

"சாக்ஸ் ஈரமா இருக்கு சிஸ்டர்" என்றார் தையற்காரர்.

"வேர்வை."

கறுப்புக் காலுறையில் எதுவும் தெரியவில்லை. அதை உருவியதும் பெரிய சிஸ்டரின் கைவிரல்கள் ரத்தத்தில் சிவந்தன. உள்ளங்காலில், சுண்டு விரலுக்குக் கீழே, மருந்துக் குப்பியின் உடைந்த கண்ணாடி ஒன்று பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. இரண்டரை மணி நேரமாக அதன் மேல் நடந்திருக்கிறார். மாடி ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறை வரை போய் வந்திருக்கிறார்.

தையற்காரர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வலிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லை."

பெரிய சிஸ்டர் கண்ணாடியை இடுக்கியால் எடுத்து, பஞ்சை அழுத்தி, கட்டுப் போட்டார். யாருடைய காலுக்கோ போடுகிற மாதிரி, நிதானமாக. அப்புறம் நைலான் இழையைத் தையற்காரரிடம் நீட்டினார். இடது ஷூவையும் காலுறையையும் கழற்றி, காலை அவர் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கால்ல தொடுங்க. விரல் நுனி, விரலுக்குக் கீழே, நடுப்பாதம். இழை வளையுற அளவுக்கு அழுத்தினாப் போதும். நான் கண்ணை மூடிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. வெளியே யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

"எப்பத் தொடப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஏழு இடம் தொட்டுட்டேன் சிஸ்டர்."

கண்ணைத் திறந்தபோது தையற்காரர் இழையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். தப்பு செய்தது தான்தான் என்பது போல.

அன்று மாலையே மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. "பல வருஷமா இருந்திருக்கணும் சிஸ்டர். நரம்பு ஏற்கெனவே செத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு மேல இந்த ஷூவும் சேர்ந்து நெருக்கியிருக்கு. கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் தன் விரல் நுனிகளைப் பார்த்தார். தினமும் நாற்பது பேர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த கை, தன் விரலில் ஒரு தடவை கூடக் குத்திக்கொண்டதில்லை. நேரமில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

புண்ணில் சீழ் பிடித்தது. ஒன்பதாவது நாள் சுண்டு விரல் கறுத்தது. பதினோராவது நாள் அதை எடுத்துவிட்டார்கள். தன் மாடியிலேயே, தான் விரிப்பு மாற்றுகிற கட்டில் ஒன்றிலேயே அவர் படுத்திருந்தார். அழுகை வரவில்லை. துக்கம் எங்கோ பக்கத்து அறையில் நடக்கிற பேச்சு மாதிரி இருந்தது.

கணவர் சீருடையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தினமும் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஆறு டயரையும் தட்டிப் பார்க்கிறேன்" என்றார். "தண்ணி தண்ணின்னு குடிச்சியே, ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை கேட்டதோட சரி."

"நீங்க கேட்டீங்க. நான்தான் பதில் சொல்லலை."

"பதில் வரலைன்னா மறுபடி கேட்டிருக்கணும்ல."

வானொலி தினமும் மூன்று வேளையும் வந்து செய்தி சொல்லிவிட்டுப் போனாள். யார் யார் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், யார் படிக்கட்டில் சறுக்கினார்கள், யார் விரலில் நகம் பெயர்ந்தது. "புது சிஸ்டரு மட்டும்தான் ஒண்ணும் சொல்றதில்லை. சும்மா வலிக்கலை வலிக்கலைங்குது. ஆனா நடை ஒரு மாதிரி இருக்கு. நான் பார்த்ததைச் சொல்றேன்" என்று ஒரு நாள் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். இப்ப வலிக்கலை சிஸ்டர். நான் சொல்லலை? அந்தப் பேச்சு முழுதாகத் திரும்பி வந்தது. எத்தனையோ நாளாக எதுவும் உறைக்காமல் இருந்தவருக்கு இது உறைத்தது. தன் விரல் போனது தன் அலட்சியம். அவள் விரலும் போனால், அதற்குக் காரணம் தான்தான். உடனே ஆளனுப்பினார். புது சிஸ்டர் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் போயிருந்தாள். தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோதும், "எனக்கு ஒண்ணுமில்லை சிஸ்டர், நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க" என்றுதான் சொன்னாள். ஒன்றுமில்லை என்ற வார்த்தைதான் அவரைப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு அனுப்பும் முன் கடைசிக் கட்டு மாற்றுகிற அன்று, தையற்காரர் தன் சோதனைக்கு வந்தவர், இவரையும் எட்டிப் பார்த்தார். அவர் காலுக்கு ஆபத்தில்லை. பத்தில் ஒன்பது இடத்தில் "தொட்டீங்க" என்று சொல்லிவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். இத்தனை பேருக்கு ஷூ வாங்கினீங்களே, அளவு எப்படி எடுத்தீங்க?"

"நம்பர் எழுதிக் கொடுத்தோம்."

"நம்பர் நீளத்துக்குத்தானே? அகலத்துக்கு?" அவர் கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. சட்டைக்கு நெஞ்சளவு எடுக்காம யாராவது வெட்டுவாங்களா? சாயங்காலமா போய் வாங்குங்கன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

போகும்போது சட்டைப் பையிலிருந்து துணியில் அளவுக் கோடு போடுகிற சாக்குக்கட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய சிஸ்டர் வேலைக்கு வந்தார். வலது காலில் கட்டு, அதன் மேல் அகலமான மருத்துவச் செருப்பு. இடது காலில் பழைய வெள்ளை ஷூ, அதே ரொட்டித் துண்டு. மாலை நான்கு மணிக்கு, பணியில் இருந்தவர்கள், பணி முடிந்தவர்கள், அடுத்த பணிக்கு வந்தவர்கள் எல்லோரையும் ஓய்வறைக்குக் கூப்பிட்டார். பழைய அட்டைகளைத் தரையில் பரப்பி, சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஷூவைக் கழற்றிட்டு ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. முழு பாரத்தையும் போட்டு நில்லுங்க."

ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போட்டார். ஆளுக்கு ஒரு அட்டை, அதில் பெயருக்குப் பக்கத்தில் காலில் எங்கே காயம் என்று ஒரு குறி. பிறகு அவரவர் ஷூவை அவரவர் கோட்டின் மேல் வைத்தார். எல்லா அட்டையிலும் கோடு ஷூவுக்கு வெளியே, இரண்டு பக்கமும், ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அத்தனை கால்களும் ஷூவை விட்டு வழிந்துகொண்டிருந்தன. வானொலி குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஆட்கள் கூடி நிற்கிற சேதி போய் மேடம் மேலே வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார்.

"இது என்ன சிஸ்டர்?"

"நான் கையெழுத்துப் போட்ட ஷூ மேடம். காலைல ஒன்பது மணிக்கு, கம்பளத்துல ஐந்தடி நடந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் தப்பு. உங்களுக்கு எழுதியும் கொடுத்துடுறேன்."

"இதைப் பத்தி அடுத்த மாசக் கூட்டத்துல பேசலாம்" என்றார் மேடம். அவர் வழக்கமாகச் சொல்கிற பதில்தான்.

"அன்னைக்கு மேசைக்கு அடியில நீங்க ஷூவைக் கழற்றி வச்சிருந்தீங்க. நான் பார்த்தேன். பார்த்தும் கையெழுத்துப் போட்டேன்" என்றார் பெரிய சிஸ்டர். குரலில் கோபம் இல்லை. ஒரு அட்டையை எடுத்து மேடத்தின் காலருகே வைத்தார்.

அந்த இடத்தில் மேடம் திரும்பிப் போயிருக்கலாம். இருபது பேர் வெறும் காலோடு நிற்கிற அறையில் தான் மட்டும் ஷூவோடு நிற்பது அவருக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். கழற்றிவிட்டு அட்டையில் ஏறி நின்றார். விரல்களின் மேல் சிவப்பாக ஒரு வரம்பு ஓடியிருந்தது. பெரிய சிஸ்டர் கோடு போட்டு, ஷூவை மேலே வைத்துக் காட்டினார். மேடம் குனிந்து பார்த்தார்.

"அந்த அகலமானது, நாடா வச்சது. அது தண்ணியில வழுக்குமா?"

"வழுக்காது. துடைச்சா கறையும் போயிடும். முன்னாடி மூடியிருக்கு. விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அளவு இடம் விட்டு, சாயங்காலமா அளவெடுத்து வாங்கினாப் போதும்."

"கறுப்பா இருக்கணும்" என்றார் மேடம். "அது மட்டும்தான். வர்ற வரைக்கும் அவங்கவங்க பழசைப் போட்டுக்கட்டும்." ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் காலோடு படி இறங்கிப் போனார்.

அறை லேசானது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பெரிய சிஸ்டர் மட்டும் தரையில் உட்கார்ந்தபடியே அட்டைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. கதவோரத்தில் புது சிஸ்டர் ஷூவைக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"வா" என்றார்.

"எனக்கு வேண்டாம் சிஸ்டர். எனக்குத்தான் வலிக்கலையே."

"அதுக்காகத்தான் கூப்பிடுறேன். உக்காரு."

புது சிஸ்டர் உட்கார்ந்தாள். பெரிய சிஸ்டர் தானே அவள் ஷூவையும் காலுறையையும் கழற்றினார். அவருக்குக் குனிவது கஷ்டமாக இருந்தது. சுண்டு விரல் பக்கம் தோல் தடித்து, மஞ்சளாகி, கல் மாதிரி இருந்தது, அதன் ஓரத்தில் ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. பையிலிருந்து நைலான் இழையை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோ. தொட்டா சொல்லு."

ஓர் இடத்தில் அழுத்தினார். இழை வளைந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. இன்னோர் இடம். அதற்கும் சொல்லவில்லை.

"ஆரம்பிச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள் கண்ணை மூடியபடியே.

பெரிய சிஸ்டர் இழையைத் தூக்கிவிட்டு அந்தப் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகுதான் தான் தொட்ட இரண்டு இடமும் காய்ப்பின் மேல் என்பது உறைத்தது. காய்ப்பின் மேல் யாருக்குமே தெரியாது. நோயாளிகளுக்கு இழை வைக்கும்போது அந்த இடங்களை எப்போதும் தவிர்ப்பார். பயத்தில் மறந்துவிட்டார். இழையைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"தொட்டீங்க" என்றாள் புது சிஸ்டர்.

இன்னும் கொஞ்சம்.

"தொட்டீங்க. இப்பவும் தொட்டீங்க." அடுத்த இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அங்க வலிக்குது சிஸ்டர்."

"எங்க?"

"அந்தக் கெட்டியா இருக்கிறதுக்குப் பக்கத்துல. எப்பவுமே வலிக்கும். சும்மாதான் வலிக்கலைன்னு சொன்னேன். சொன்னாலும் பழகிடும்னுதானே சொல்லுவீங்க."

பெரிய சிஸ்டர் இழையைக் கீழே வைத்தார். அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் போன அன்று வராத அழுகை இப்போது வந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. வானொலி பஞ்சும் மருந்தும் எடுத்துவர ஓடினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் பெரிய சிஸ்டர். தலையைத் தூக்கவில்லை, பாதத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, பழகிடும்னு இனிமே இங்க யாரும் பதில் சொல்லக் கூடாது. குனிஞ்சு எங்கன்னு பார்க்கணும். வலி நின்னுபோச்சுன்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்லை. அப்பதான் அவசரமா பார்க்கணும். அடுத்தவங்க கண்ணுக்கு நல்லாத் தெரியணும்னு நான் ஒரு ஷூவைத் தேர்ந்தெடுத்தேன். என் விரலைக் கொடுத்துட்டுத்தான் இது எனக்குத் தெரிஞ்சுது."

பிறகு புது சிஸ்டரின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காயத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வலிச்சா சொல்லும்மா" என்றார்.

"வலிக்குது சிஸ்டர்."

"சொல்லிக்கிட்டே இரு" என்றார் பெரிய சிஸ்டர்.